கழுவிய சோறு

நாமக்கல்
8.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வெண்ணிலா எழுதுகிறேன். நீயும் அப்பாவும் நலமா? விடுதியில் ஃபோன் கிடையாது. கடிதத்தையும் வார்டன் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். ஆகவே நான் நலம்.

நீட் மாதிரித் தேர்வு ரேங்கைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுகிறார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போடுகின்றன, நம் தெருக் குழாயடி மாதிரியே. மீதிச் சோறு போடலாமா? செத்துக்கித்துப் போய்விடாதே? கோழிப்பண்ணையில் வேலை செய்கிற உனக்குத்தான் தெரியும்.

உன் மகள்,
வெண்ணிலா

ஜேடர்பாளையம்
15.7.2024

என் கண்ணு சாமிக்கு,

அம்மா எழுதறேன். கொழம்பு ஊத்துன சோத்தை அப்படியே போட்டுறாத. உப்பும் காரமும் அந்தச் சின்ன வயித்துக்கு ஆகாது. தண்ணியில அலசிப் போடு. ஊசிப்போனது, பூசணம் புடிச்சது வேண்டவே வேண்டாம். கொஞ்சமாப் போட்டாப் போதும், மிச்சத்துக்கு அதுகளே புழு பூச்சி தேடிக்கும். திங்காம உட்டதைப் பொழுதோட அள்ளிரு, இல்லீன்னா எலி வந்துரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

இங்க ஷெட்டுக்குள்ள வெளிக்குருவி வரவே கூடாது. கோழிக்குச் சீக்கு ஒட்டிக்குமாம். ஓனரு வலையைத் தடவித் தடவிப் பார்க்கறாரு.

உங்கப்பன் டீக்கடையில "எம்புள்ள டாக்டரு"ங்கறாரு. "இன்னும் படிக்கவே போகலியே"ன்னா காதுல உழுகறதில்ல. நல்லாச் சாப்புடு சாமி.

உன் அம்மா,
பொன்னாயி

நாமக்கல்
1.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் இட்லியைச் சட்னி படாமல் உதிர்த்துப் போடுகிறேன். மதியம் சோற்றை அலசி வைக்கிறேன். ராத்திரிச் சப்பாத்தியை எடுத்துவைத்து, விடிந்ததும் நனைத்துப் பிய்த்துப் போடுகிறேன். இப்போது மைனாவும் வருகிறது. எதுவும் மிஞ்சுவதில்லை.

என் தட்டு எப்போதும் காலியாக இருக்கிறதென்று வார்டன் எல்லார் முன்னாலும் பாராட்டினார். யூனிஃபார்ம்தான் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஊக்கு குத்திக்கொள்கிறேன். ரேங்க் இன்னும் கீழே போய்விட்டது. அப்பாவிடம் சொல்லாதே.

உன் மகள்,
வெண்ணிலா

பள்ளிக்கூட வாசல், வாட்ச்மேன் ரூம்
9.8.2024

சாமி,

உன் கடுதாசி நேத்து வந்துச்சு. காலைக்கு இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரிக்குச் சப்பாத்தி, அத்தனையும் குருவிக்குன்னா நீ என்னத்தத் தின்ன?

இதைப் படிக்கிற வார்டனம்மாவுக்கும் சொல்றேனுங்க. எங்க ஷெட்டுல கோழி தீவனம் எடுக்கலீன்னா அன்னைக்கே சூப்பர்வைசரு வந்து நிப்பாரு. நீங்க தட்டைப் பார்த்தீங்க, புள்ளையைப் பார்க்கலீங்க.

இன்னைக்குப் பார்க்கற நாள் இல்லையாம், உள்ள உட மாட்டீங்கறாங்க. வாட்ச்மேன் அண்ணன்தான் இந்தத் தாளைக் குடுத்தனுப்பறேன்னாரு.

உங்கப்பன் "ஊருல என்ன பேசுவாங்க"ன்னாரு. "ஊருக்காரனா வந்து ஊட்டியுடுவான்"னு கேட்டேன். அப்பறம் அவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து உட்டுட்டுப் போனாரு.

நீ டாக்டர் ஆகலீன்னா ஆருக்கும் ஒண்ணும் ஆயிராது. துணியை அள்ளிப் பையில போடு. பொஸ்தகம் வேணும்னா எடுத்துக்க, வேண்டாட்டி அங்கயே கெடக்கட்டும். எந்நேரமானாலும் சரி, உன்னையக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்.

ஆராச்சும் மெரட்டுனா, எங்கம்மா வாசல்ல உக்காந்திருக்குதுன்னு மட்டும் சொல்லு.

பொன்னாயி