மேகம் மூடிய இரவுக்கு மறுநாள்

ஏப்ரல் 6

சமையலறை நாற்காலிகளில் நான்கு ஸ்கீ பட்டைகள் காய்கின்றன. பனியில் மலையேறும்போது சறுக்குப் பலகை பின்னுக்கு வழுக்காமலிருக்க அடியில் ஒட்டுபவை. இரண்டு ராய்ஸுடையவை. மற்ற இரண்டும் பிரென்னாவுடையவை. முழங்கால் அறுவைக்குப் பிறகு நான் வீட்டோடு கிடந்த இந்தக் குளிர்காலம் முழுக்க என் கணவனுக்கு மலைத்துணை அவள்தான். ஊரின் கால்நடை மருத்துவர், முப்பத்து நான்கு வயது.

ஈரப் பட்டையைக் காயப்போட அவளுக்கு வீடு இல்லையா?

ஏப்ரல் 9

"அவ உன்னை மாதிரி நூறடிக்கு ஒரு குழி தோண்டி பனிய மோந்து பாக்கிறதில்ல, கார்லா. போறோம், வர்றோம்!" என்றான் ராய்ஸ், வாய் நிறைய ரொட்டியுடன்.

பனியைப் படித்துப் பட்டம் வாங்கி, அதை அளப்பதையே வேலையாகச் செய்கிறவள் நான். சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 12

பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவிக்குப் புது பேட்டரி வாங்கி வந்திருக்கிறான். அவளுடைய கருவிக்கு.

ஏப்ரல் 18

முழங்கால் தேறிவிட்டது, போகலாம் என்றார் டாக்டர். "அப்ப நாளைக்கு மூணு பேரும் போலாம்" என்றான் ராய்ஸ். மூணு பேரும்!

வானம் தெளிந்த இரவில்தான் பனி இறுகும். வெயில் அதை இளக்குவதற்குள் சரிவை விட்டு இறங்கிவிட வேண்டும். வசந்தத்தில் அவ்வளவுதான் கணக்கு. இருட்டிவிட்டது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

ஏப்ரல் 19

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடியும்போது முகட்டில் நின்றோம். கீழே கிழக்குச் சரிவு. கோலைக் குத்திப் பார்த்தேன். விரல் கனத்துக்கு ஓடு, அதன் கீழே ஈரச் சர்க்கரை போல் உதிரும் பனி. இரவெல்லாம் மேகம் போர்த்தியிருந்ததில் உள்ளே உறையவே இல்லை. சரிவு பெயர்ந்து வரலாம். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவது எங்கள் மலைகளில் வழக்கம். காரணம் கேட்பதில்லை. ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன்.

அப்போது ராய்ஸ் குனிந்து அவள் முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். "மூச்சு முட்டுது, மனுஷனாய்யா நீ!" என்று அவள் சிரித்தாள். இப்போது நான் வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்? பொறுக்க முடியாத பொண்டாட்டி. கால் போனவள், கெடுக்க வந்தவள். எனக்கே தெரியவில்லையே — பனியைப் பார்த்துப் பயமா, அவர்களைப் பார்த்தா?

வாயை மூடிக்கொண்டேன்.

ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். பிரென்னா முதலில். மூன்றாவது வளைவில் அவள் காலடியிலிருந்து விசிறி போலப் பிரிந்து சரிவே நகர்ந்தது. வேகமில்லை. சிமெண்ட் கலவை மாதிரி, அவசரமே இல்லாமல் அவளைப் பைன் மரங்கள் வரை இழுத்துப் போனது.

பனி உரிந்துபோன தடத்தின் வழியே இறங்கி ஓடினோம். மார்பு வரை புதைந்திருந்தாள். தலை வெளியே. கருவி தேவைப்படவில்லை. தோண்டினோம். ராய்ஸ் அவள் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது.

ஹெலிகாப்டர் வரும்வரை நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். பல் கிட்டியபடி சொன்னாள்: "நீங்க கோலைக் குத்திப் பாத்தீங்கல்ல... நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப சரியாத்தான் இருக்கும்னு இறங்கிட்டேன்."

அவள் இறங்கியது ராய்ஸ் சொன்னதற்காக இல்லை. நான் சொல்லாததற்காக.

ஏப்ரல் 23

தூங்கவில்லை.

மே 2

சூப் எடுத்துக்கொண்டு பிரென்னா வீட்டுக்குப் போனேன். தனியாக. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொறாமையா? அந்த ஓட்டை வாய் மனுஷனுக்காகவா?" சிரித்தாள். "அய்யோ, சிரிக்க வைக்காதீங்க, தோள் வலிக்குது."

பிறகு சிரிப்பு நின்றது. சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"உங்க கூட இனி மலைக்கு வரமாட்டேன், கார்லா."

"தெரியும்."

ராய்ஸிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டும்.

கிளம்பினேன். வாசல் வரை வந்தாள். நான் காலை எடுத்து வைப்பதற்குள் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டாவது படியில ஐஸ் இருக்கு. பாத்து."