கரடித் தலைக்குத் தடை

1943 மே 3, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடம் லீவு, வாத்தியார் எனக்கும் லீவு. அரியலூர் கடைத்தெருவில் தண்டோரா. ஜில்லா முழுக்க, பொது இடத்தில் முகத்தை மூடக் கூடாது, முகமூடி போடக் கூடாது. தந்திக் கம்பி அறுத்தவர்கள் முகமூடியில் வந்தார்களாம்.

சலூனில் ஒருவர்: "பல்லு வலிக்குத் துண்டு கட்டுனா புடிப்பாங்களா?"

சவரக்காரர்: "வாயத் தொறந்து சொத்தப் பல்லக் காட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் வரவில்லை.

மே 4

காரணத்தை இங்கேதான் எழுத முடியும். தா.பழூர் தனம். ஆனியில் எங்களுக்குக் கல்யாணம். பெண் பார்த்தது அம்மாவும் அக்காவும். தாலி கட்டும்வரை நான் அந்த ஊரில் கால் வைக்கக் கூடாது, எங்கள் வழக்கம். அதுவரை பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே மாரியம்மன் திருவிழா. வேஷக்காரர்கள் வீடு வீடாக ஆடி அரிசி வாங்குவார்கள். சிநேகிதன் ராமசாமி கூட்டத்தில் நான் கரடி. காகிதக்கூழில் தலை தயார்.

ராமசாமி: "எங்களுக்குப் புலிச் சாயம், யாரு கேப்பா? ஒன் தலதான் மாப்ள வம்பு. நீயும் சாயம் பூசிக்க."

பூசினால், மாப்பிள்ளை பார்க்க வந்துபோன மாமனாருக்கு மூக்கு தெரிந்துவிடும். என் மூக்கு அப்படி.

"அந்த ஒரு வாசலுக்கு மட்டும் மாட்டிக்கிறேன்டா."

மே 8, சனி

நேற்று நடந்த கூத்து. பெட்ரோல் பஞ்சத்தில் ஓடும் கரி பஸ் ஜெயங்கொண்டம் தாண்டிப் படுத்துவிட்டது. தள்ளினோம். தனம் வீட்டு வாசலில் தலையை மாட்டி ஆடினேன். வளையல் சத்தம். கண் ஓட்டை வழியே அரிசி முறத்தின் விளிம்பு மட்டும். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஏட்டு.

"ஏய் கரடி, கழட்டுடா. பேரு, அப்பன் பேரு, ஊரு. சத்தமாச் சொல்லு."

சொன்னேன். தெருவே கேட்டது. மாமனார் வாசற்படியில் வாயைப் பிளந்து நின்றார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். அவமானம், தலை நிமிரவே இல்லை.

முறத்துப் பக்கமிருந்து குரல்: "ஏட்டய்யா, கரடி மூஞ்சியே தேவலாம். திரும்ப மாட்டிக்கச் சொல்லுங்க."

தெருவெல்லாம் சிரிப்பு. ஏட்டுக்கும் அடக்க முடியவில்லை. "ஓடுறா" என்றார். ஓடினேன்.

மே 10, திங்கள்

தா.பழூரிலிருந்து தனத்தின் சித்தப்பா. கரடிக் கதை ஏற்கெனவே காதுக்கு எட்டியிருந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் முந்திரிப் பையை இறக்கிவைத்துவிட்டு மோர் குடித்தார். கடைசிச் சொட்டுவரை, நிதானமாக, பாவி மனுஷன்.

"ஆனி வரைக்கும் எதுக்குங்க, வைகாசிக் கடைசியிலயே வச்சுக்கலாம்னு அண்ணன் சொல்றாரு. பொண்ணுதான் மாப்ளயப் பாத்துருச்சே. அதுலேருந்து சிரிச்சுக்கிட்டே கெடக்குது."

சந்தோஷத்தில் நானே அவருக்கு இன்னொரு சொம்பு மோர் ஊற்றினேன்.

அக்கா சமையல்கட்டுக்கு இழுத்துப் போய்: "நீ பாத்தியாடா? எப்புடி இருக்கா?"

ஊரே என்னைப் பார்த்தது. குனிந்த தலையோடு நான் பார்த்தது கொலுசு போட்ட இரண்டு கால்.

"ரொம்ப அழகு" என்றேன்.