அப்பா தாண்டிப் போகும் பக்கம்

அன்புள்ள சின்னவளுக்கு,

வெள்ளிக்கிழமை எனக்கு அஞ்சல்வழிப் படிப்பில் ஆங்கில இலக்கியப் பரீட்சை. தன்னைப் புகழ்ந்து பேசாத கடைசி மகளைத் துரத்திவிடும் கிழட்டு ராஜாவின் சோக நாடகம். "ராஜா இரக்கத்துக்கு உரியவரா?" என்ற கட்டுரை கட்டாயம் வருமாம்.

பாத்திரம் கழுவிக்கொண்டே ஒப்பிக்கிறேன். உன் அப்பா நோட்ஸைப் பார்த்து, விட்ட இடத்தில் எடுத்துக் கொடுக்கிறார். மகளைத் துரத்தும் இடம் வந்தால் மட்டும், "அதெல்லாம் உனக்குத் தெரியும், அடுத்ததுக்குப் போ" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். நான் ஃபெயிலானால் இவர்தான் காரணம்.

நேற்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கடைசியில அந்தப் பொண்ணு வந்துடுவாளா?" என்று கேட்டார்.

"வந்துடுவா," என்றேன்.

அவள் வரும்போது ராஜாவுக்கு அவளைச் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை. அதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அம்மா