சட்டை அலசிய தண்ணீர்

புரட்டாசி, புதன்கிழமை இரவு.

ஜன்னலோரத்து மணி பிளாண்ட் ஒரு வாரமாகத் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறது. வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன். தேறுகிற வழியைக் காணோம். இன்று வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன தண்ணி ஊத்துன?" என்றார்.

குழாயில் தண்ணீர் வந்தே நாளாகிவிட்டது. அவருடைய கம்பெனிச் சட்டையை அலசிய தண்ணீரைத்தான் வீணாக்காமல் ஊற்றிவந்தேன். சொன்னேன்.

"கூறு இருக்கா ஒனக்கு? பட்டாசு மருந்து அம்புட்டும் அந்தத் தண்ணியிலதான இருக்கு. வேரு கருகிப் போகாதா?"

உட்கார்ந்து மண்ணை முழுக்க மாற்றினார். குடிக்கிற குடத்துத் தண்ணீரை எடுத்து, வேர் வேராகக் கழுவினார். நடுவில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சக் காமிச்சிட்டு வருவமா?" என்றேன்.

"தீவாளி சீசன் நேரத்துல எங்கன போக?"

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. செடிக்கு ஆகாது என்று அத்தனை தெரிந்த மனுஷன், படுக்கப் போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"சட்ட காஞ்சிருச்சா?"