வெறுங்குலை மெத்தை

8.7.2025, செவ்வாய்

ஆறரை மணிக்கே கோலாலம்பூரிலிருந்து பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் காலி. தமிழர் சாதனை ஏதாவது வேண்டுமாம். முப்பத்தோர் ஆண்டுகளாக மலாக்காவில் இதைத்தான் செய்கிறேன். அரைப்பக்கம் காலியாகும்போதெல்லாம் யாராவது ஒரு தமிழர் சாதித்துவிடுகிறார்.

இம்முறை ரெம்பியாவில், நல்லமுத்துவின் மெத்தைத் தொழிற்சாலையில். தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இன்று நாற்பது பேருக்குச் சம்பளம் தருகிறார், நாற்பது பேரையும் திட்டுகிறார். சாதனை அவருடையதல்ல, தாட்சாயினி என்ற வேதியியலாளருடையது. முப்பத்து நான்கு வயது. என்னை அங்கிள் என்றார்.

வேலை இதுதான். செம்பனை ஆலை பாமாயில் எடுத்தபின் தூக்கி எறியும், பழம் உதிர்ந்த வெறுங்குலையைக் காயவைத்து, மாவாக அரைத்து, மெத்தை நுரையில் கலப்பது. பெட்ரோலியத்திலிருந்து வரும் சரக்கு கொஞ்சம் மிச்சம். நுரையும் சற்றுக் கெட்டிப்படும், பேருந்து இருக்கைக்கு ஏற்றது. காகிதக் குவளையில் முப்பது முறை சரியாக வந்துவிட்டது. இருபது கிலோ பெட்டியில் வெள்ளிக்கிழமைதான் முதல் வார்ப்பு. ஜோகூரிலிருந்து பேருந்து இருக்கை செய்பவர்கள் பார்க்க வருகிறார்கள்.

நுரையைப் பொங்க வைப்பதே தண்ணீர்தானாம். இருபது கிலோவுக்கு எழுநூறு கிராம், அளந்து. அதனால் தூளில் ஈரம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. இதை எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தாட்சாயினிக்கு ஆறு மாதச் சோதனைக்காலம். 31ஆம் தேதி முடிகிறது. பெட்டியில் சரியாக வந்தால் வேலை நிரந்தரம். "டுரியான் துங்கால்ல லேப் வேலைய விட்டுட்டு வந்தேன் அங்கிள். அங்க வேற ஆள் போட்டாச்சு," என்றார், தூள் காயவைக்கும் உலையின் கதவைச் சாத்திக்கொண்டே.

9.7.2025

கட்டுரையை முன்கூட்டியே எழுதி அனுப்பினேன். வெற்றி பெற்றதாக. எல்லாரும் செய்வதுதான்.

11.7.2025, வெள்ளி

அடுத்த வியாழன் ஆடி பிறக்கிறது. அதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று நல்லமுத்து துடித்தார். பத்தேகாலுக்கு நல்ல நேரம். இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் யாரும் போடவில்லை. தாட்சாயினியை ஜோகூர்காரர்களுக்கு விளக்கம் சொல்ல அனுப்பிவிட்டார் முதலாளி.

பூசாரி மாவிலையால் தெளித்தார், நான் படம் எடுத்தேன். பிறகு ஒருவர் பேசினிலிருந்த தூளைக் கொட்டினார், இயந்திரம் கலக்கியது, பெட்டியில் ஊற்றினார்கள். பால் போல இருந்தது பொங்கிற்று. விளிம்பில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு முழம் மேலே போய், நடுவில் பிளந்து, புகைந்து, உட்கார்ந்தது. ஜோகூர்காரர் ஒருவர் இருமியபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நல்லமுத்து: "குவளையில முப்பது தடவ வந்துச்சுன்னியேம்மா. பஸ்ல குவளையிலயா உக்காருவாங்க?"

தாட்சாயினி கருகிய நடுப்பகுதியைக் கையுறையால் தொட்டுக்கொண்டே இருந்தார். பொங்கியது நல்ல சகுனம் என்று சொன்னவர் பூசாரி ஒருவர்தான். அவர் தட்சணையும் வடையும் வாங்கிக்கொண்டு போனார்.

13.7.2025, ஞாயிறு

கட்டுரை வந்துவிட்டது. "கழிவிலிருந்து மெத்தை: ரெம்பியாவில் தமிழர் சாதனை." ஆசிரியருக்கு வெள்ளியன்றே படம் அனுப்பினேன், பெட்டி பிளந்த விஷயத்தையும் சொன்னேன். பக்கம் கட்டியாச்சு என்றார். கோவிலில் இரண்டு பேர் பாராட்டினார்கள்.

14.7.2025

பத்திரிகையில் படம் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருக்கிறது. செம்பிலிருந்து கயிறு போலத் தண்ணீர் விழுகிறது. தாம்பாளத்தில் விழுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பேசினில் விழுகிறது. பேசினில் இருப்பது தூள்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். 10.14, 10.16, 10.17 — மூன்று படம். முதல் இரண்டில் மாவிலை. மூன்றாவதில் செம்பு. ஏன் செம்பு? நான் கேட்டேன். "சாமி, இலையில தெளிச்சா தண்ணியே தெரியல, கொஞ்சம் ஊத்துங்க" என்று நான்தான் கேட்டேன். பூசாரி தெளிப்பதில் தாராள மனசுக்காரர். ஊற்றுவதில் இன்னும் தாராளம்.

குறிப்பேட்டைப் புரட்டினேன். 'ஈரம்' என்பதன்கீழ் அடிக்கோடு இருக்கிறது. நான் எழுதுவேன், எழுதியதைப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை போலும்.

15.7.2025

தாட்சாயினிக்குப் போன் செய்து, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போல, எவ்வளவு தண்ணீர் கூடினால் அப்படிப் பிளக்கும் என்றேன். கால் லிட்டர் போதுமாம். "ஆனா தூள காலையில நான்தான் உலையிலேர்ந்து எடுத்தேன் அங்கிள். அளந்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. எனக்கே புரியல." நான்கு நாளாகக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறாராம். 31ஆம் தேதிதான் கடைசி நாள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றியாம்! என்ன மனுஷன்டா நீ?

16.7.2025

ரெம்பியாவுக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

17.7.2025

ஆடி ஒன்று. விஷயத்தைத் திலகவதியிடம் சொன்னேன். சொன்னதும் வீட்டில் மனைவி என்று ஒருவர் இருப்பதன் பயன் தெரிந்தது. "ஊர்ல உள்ளவன் தப்பையெல்லாம் தேதி போட்டு எழுதுவீங்க. உங்க தப்புன்னா முழங்கால் வலிக்குதா?"

18.7.2025, வெள்ளி

போனேன். முதலாளி, தாட்சாயினி இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மூன்று படங்களையும் மேசைமேல் வைத்தேன்.

நல்லமுத்துவுக்கு முதலில் கோபம் வந்தது என்மேல் அல்ல. சாமி தண்ணி சரக்கைக் கெடுத்தது என்று தன் தொழிற்சாலையில் எவரும் பேசக்கூடாது என்றார்.

"அது சாமி தண்ணி இல்ல முத்து. நான் கேட்ட தண்ணி," என்றேன்.

தாட்சாயினி மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டார். எத்தனை மணி என்று கேட்டார். சொன்னேன். எத்தனை மில்லி என்றார். செம்பில் பாதிக்கு மேல் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ஒரு வாரமா என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன் அங்கிள்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எழுந்து வர வசதியாக இருந்திருக்கும்.

மறுபடி ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். ஆவணி பிறக்கட்டும் என்றார் நல்லமுத்து. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டாராம். ஆவணி வருவதற்குள் அந்தப் பெண் வேலையில் இருக்கமாட்டார். அது நல்லமுத்துவுக்கும் தெரியும். ஆனாலும் ஆடி ஆடிதான்.

"புதுசு இல்லைங்க பாஸ்," என்றார் தாட்சாயினி. "ஆனியில தொடங்கினதுதான். பாதியில நிக்குது. பாதியில நின்னத ஆடியில முடிக்கக்கூடாதுன்னு இருக்கா?"

நல்லமுத்து நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். சாஸ்திரத்தில் அதற்கு இடம் இருப்பதாகத் தெரிந்தது, அல்லது இல்லையென்று தெரியவில்லை. தொடக்கம் இல்லையென்றால் பூஜையும் இல்லை; பூசாரிக்கோ அம்மன் கோவில்களில் ஆடி முழுக்க ஓய்வில்லை. செவ்வாய்க்கிழமை என்று முடிவானது.

22.7.2025

கேமரா, கைப்பேசி இரண்டையும் வாயிலில் வாங்கிக்கொண்டார்கள். தூள் பேசினுக்குப் பக்கத்தில் தாட்சாயினியே நின்றார். நான் தண்ணீர்ப் போத்தலோடு நின்றதைப் பார்த்து வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

ஊற்றினார்கள். பொங்கியது. நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து, நின்றது.

யாரும் கைதட்டவில்லை. நாளை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் தாட்சாயினி.

23.7.2025

வெட்டினார்கள். நடுவில் கருகல் இல்லை. வெளிர் பழுப்பு நிறம், மணத்தில் லேசாகக் காய்ந்த வைக்கோல். நல்லமுத்து தொண்ணூறு கிலோ எடையோடு அதன்மேல் உட்கார்ந்தார், எழுந்தார், நுரை பழையபடி நிமிர்ந்தது. ஏழெட்டு முறை உட்கார்ந்து எழுந்தார். அந்த வயசில் அது நல்ல உடற்பயிற்சி.

27.7.2025, ஞாயிறு

என் திருத்தம் வந்துவிட்டது. 13ஆம் தேதிச் செய்தி வெளியானபோது அந்தச் சாதனை நடந்திருக்கவில்லை, 11ஆம் தேதி வார்ப்பு கெட்டதற்குக் காரணம் இந்தச் செய்தியாளர் படத்துக்காகக் கேட்ட தண்ணீர், வேதியியலாளர் மேல் பிழையில்லை. பதினொரு வரி. பதினான்காம் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே. ஆசிரியர் என் முகத்தையும் போட்டுவிட்டார், அஞ்சலிப் படங்களின் அளவிலேயே. திலகவதியின் தம்பி போனில் துக்கம் கேட்டான்.

31.7.2025, வியாழன்

தாட்சாயினியின் சோதனைக்காலம் இன்றோடு முடிகிறது. தொழிற்சாலைக்கு அழைத்தேன். காவலர் ஹரிதாஸ் எடுத்தார்.

மேடம் இல்லையாம், முதலாளியோடு அவர் காடியிலேயே ஜோகூருக்குப் போயிருக்கிறாராம், பின்சீட் முழுக்க நுரையாம். முதலாளிக்கு முன்சீட்டிலும் இடைஞ்சலாம், ஆனால் திட்டவில்லையாம். மேடம் அறைக் கதவில் பேர்ப்பலகை அடிக்க இன்று ஆள் வந்தானாம்.

திங்கட்கிழமை வந்தால் பார்க்கலாமா என்றேன்.

"வரலாம் லா. ஆனா போட்டோ எடுக்கிறவங்கள உள்ள விடக்கூடாதுன்னு மேடம் வாசல் கார்டு போஸ்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க."

அதில் என் பெயர் போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

ஹரிதாஸ் நாற்காலியை நகர்த்தி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பேரு இல்லைங்கண்ணே. பேப்பர்ல வந்த உங்க படம்தான் இருக்கு."