உன் போத்தலில் இருந்த எண்ணெய்

இன்று காலை பிள்ளைக்காம்பராவில் உன் மகளின் குழந்தைக்கு நெப்பியை அவிழ்த்தேன். நீ பார்க்காமலே போன குழந்தை. அவிழ்த்ததும் மஞ்சளும் வேப்பிலையும் எலுமிச்சையும் கலந்த அந்தப் பழைய வாடை மூக்கில் அடித்தது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பிறகு நீயும் நானும் தொட்டில் ஆட்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் பிள்ளை பார்த்த அதே காம்பராதான். உன் ஞாபகம் வந்து கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ இருந்திருந்தால் நேரிலேயே நன்றாகத் திட்டியிருப்பேன். இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மஞ்சள் அப்பியிருந்ததில் முதலில் சிவப்பே தெரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தபோதுதான் தெரிந்தது. தொடை இடுக்கில் தோல் உரிந்து நீர் கசிந்தது. பிள்ளை போட்ட கத்தலில் மற்றத் தொட்டில்களும் விழித்துக்கொண்டன.

பால் கொடுக்கும் நேரத்துக்கு உன் மகள் வந்தாள். நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா புள்ள இது? என்னத்த அப்பி வச்சிருக்க?"

"அம்மாவோட மருந்து சின்னம்மா. வேப்பில வவுனியாவுல இருந்து கொண்டாரச் சொல்லி நானே அரைச்சேன். அம்மா போத்தல்ல இதெல்லாந்தான போட்டுக் காய்ச்சுவாங்க? சீக்கிரம் கேக்கட்டும்னு கெட்டியாவே போட்டுட்டேன்."

போட்டது போதாதென்று அதன் மேல் நெப்பியையும் இறுக்கி மூடியிருக்கிறாள். ஆனி மழையில் துணி எங்கே காய்கிறது? அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டாலும் ஈரம் போகாமல் புகை நாற்றம்தான் ஏறுகிறது. அதனால் கடை நெப்பி. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறை முழுக்க உன்னுடையது.

இந்தக் குளிரில் வேப்ப மரம் ஏது? கீழ்நாட்டுக்குப் போய் வருகிற யாரையும் நீ விடமாட்டாய், ஒரு கட்டு வேப்பிலை கேட்டு நச்சரிப்பாய். அம்மியில் அரைத்து, புண் பட்ட பிள்ளைக்கெல்லாம் அப்புவாய். பிள்ளை துடித்தால், "எரியட்டும். எரிஞ்சாத்தான் மருந்து வேல செய்யுது" என்பாய். இது ஆகாது, காற்றுப்பட விடுங்கள் என்று மிட்வைஃப் வந்து சொன்னபோது, அவள் படியிறங்கும் வரைகூடப் பொறுக்காமல் சிரித்தவள் நீ.

அப்புறம் புண் உன் கைக்கே வந்தது. நாள் முழுக்க சவுக்காரத் தண்ணீரில் பிள்ளைத் துணி அலசிய கை, விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்தது. விடுவாயா நீ? உன் மருந்தை உன் கைக்கே போட்டு, மேலே துணியும் சுற்றிக்கொண்டாய். மறுநாள் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு வந்து, தொட்டில் மறைவில் நின்று அழுதாய்.

"ஏய், உசுரு போகுது. எனக்கு வாய் இருக்கு, கத்துறேன். அந்தப் புள்ளைங்க என்னா பாடு பட்டிருக்கும்?"

அதோடு அம்மியைத் தொடவில்லை நீ. அதற்காக உன்னை நான் எவ்வளவு மதித்தேன் தெரியுமா? ஆனால் அந்த மதிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. "யார்ட்டயும் சொல்லிறாத. டயகமயில இருந்துகூட நம்பி வாறாங்க. மானம் போயிரும்" என்று என் வாயைக் கட்டினாய். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் முஸ்லிம் நானாவின் கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து, நிறத்துக்கு ஒரு துளி மஞ்சளைப் போட்டு, போத்தலில் ஊற்றி வைத்துக்கொண்டாய். கேட்டவர்களிடம் பழைய இலைப் பெயர்களையே அடுக்கினாய்.

கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. "நல்லாக் கழுவி, ஒத்தித் தொடச்சி, அடுப்புப் பக்கம் பாயப் போட்டுத் துணியில்லாம கெடத்துங்க. அப்பதான் எண்ண உள்ள எறங்கும்" என்று சட்டம் வேறு போட்டாய். ஈரம் போய்க் காற்றுப் பட்டதில் பிள்ளைகளுக்கு ஆறியது. பேர் வாங்கியது நீ போடாத வேப்பிலை. மிட்வைஃப் சொன்னதும் அதுவேதான் என்று ஒரே ஒரு தரம் நீ வாய் திறந்திருந்தால் இந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும். அவள் சொன்னால் யார் கேட்டார்கள்?

இப்போது நீயும் இல்லை, உன் போத்தலும் இல்லை. பாயையும் காற்றையும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். இலையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதில் முதல் ஆள் உன் மகள்.

"தோல் உரிஞ்சிருக்கு. இதுக்கு இனிமே வீட்டு மருந்து ஒண்ணும் வேணாம். டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றேன்.

"அம்மா கையால எத்தன புள்ளைக்கு ஆறிச்சு? எம்புள்ளைக்கு மட்டும் ஆறாதா?" என்று பிள்ளையை வெடுக்கென்று தூக்கினாள். மறுபடியும் அதையே அரைத்துப் போடுவாள் என்று எனக்குத் தெரியும். உன் மானமா இந்தப் பிள்ளையின் தோலா என்று ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன்.

"ஒங்கம்மா போத்தல்ல இருந்தது கடத் தேங்காயெண்ண. வேறெதுவும் இல்ல."

"எங்கம்மா ஊர ஏமாத்துனாங்கங்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஆத்திரம் இருந்தது. ஆனாலும் உன் கை வெந்த கதையைத்தான் சொன்னேன், துணி சுற்றியதையும் அழுததையும். கத்துவாள் என்று பார்த்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் சின்னம்மா, அப்ப கொஞ்ச நாளு அம்மா கரண்டியிலயே சோறு சாப்பிட்டாங்க. ஏம்மா தொர மாதிரி சாப்புடுறீங்கன்னு நான் கேலி பண்ணேன். அவங்களும் சேந்து சிரிச்சாங்க."

பிறகு பிள்ளையை உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல சின்னம்மா?" என்று கேட்டாள்.

ஊருக்கு நீ சொல்லாததை நான் சொல்லிக்கொள்கிறேன், இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அதில் பயமில்லை. ஆனால் இவள் கேட்டது உன்னையும் என்னையும் சேர்த்துத்தானடி. மழை விட்டதும் திரும்பி வருவாள், வந்து மறுபடியும் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.