ரீனாவிடம் சொல்லக் கூடாதது

பாஸ்டன்

அன்புள்ள அம்மாவுக்கு, சாலமனின் தோத்திரம். முழங்கால் வலி எப்படி? நான் சுகம், பனிதான் ஓயவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே நூலகத்தில் பழைய நாட்குறிப்புகளை ஸ்கேன் செய்கிறேன். இந்த ஊரில் முதலில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் எழுதியவை. மாடு செத்தாலும் அது கடவுளின் தண்டனை என்பார்கள். அவர்களுடைய பிரசங்கம், கவிதை எல்லாமே இதே பாட்டுதான். நேற்று வந்தது ஒரு தகப்பன் எழுதியது. பிள்ளை செத்தது தன் பாவத்தால்தான் என்று நம்பி, எந்தப் பாவம் என்று பதினொரு பக்கம் தேடுகிறான். கிடைக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டேன். மேலாளர் விசாரித்தார், கண்ணில் தூசி என்றேன்.

நீங்களும் ரீனாவிடம், "வேளாங்கண்ணி நேர்ச்சையைச் செலுத்தாம விட்டேல்ல, அதான் மாதா பிள்ளையை எடுத்துக்கிட்டாக" என்றீர்களாம். "அம்மா சொல்றது நெசமாண்ணே?" என்று என்னிடம் அழுதாள். வேலையிருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அது என் தப்பு.

நாளைக்கே கண்டனூருக்கு பஸ் ஏறுங்கள். நீங்கள் சொன்னது பொய் என்று அவளிடம் சொல்லுங்கள். பத்து நாளாவது கூட இருங்கள்.

அடுத்த பார்சலில் தைலம் வையுங்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்றும் எழுதுங்கள். நான் கேட்கவே இல்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்தது.

சாலமன்